ஈரம் உறிஞ்சும் பொடி

2001ஆம் ஆண்டு ஜூலை மாதம் இரண்டாம் திகதி, திங்கட்கிழமை. வைகறையில் தொடங்கிய மழை அந்தி வரையில் ஓயவில்லை. தென்மேற்கிலிருந்து எழுந்த காற்று தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கூரைத் தகரங்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. றொசல்ல நிலையத்தில் நின்ற புகைவண்டியின் ஊதல் கேட்டதேயன்றிப் புகைவண்டி எவர் கண்ணுக்கும் தென்படவில்லை. அத்துணை அடர்ந்த மூடுபனி.

அன்று மாலை ஏழு மணிக்கு, அந்நிலையத்துக்கு மேலே இரண்டு கல் தொலைவிலிருந்த தோட்டத்தில், பத்தாம் லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பராவில், மீனம்மாவின் வயிற்றில் முதல் ஊசி இறங்கியது.

மீனம்மாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. யோகேஸ்வரனை மணந்து எட்டு ஆண்டுகள் நிறைந்திருந்தன, பிள்ளை இல்லை. அவ்வெட்டு ஆண்டுகளுள் இரண்டரையை அவள் குவைத்தில், அயலார் வீட்டுச் சமையலறையில், அயலார் பெற்ற மூன்று பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கழித்தாள். மக்கா படம் பதித்த ஒரு சுவர்க் கடிகாரமும், கண்டியில் பெரிய டொக்டரிடம் போவதற்கான பணமுமே அங்கிருந்து அவள் கொணர்ந்த சொத்து. கடிகாரம் மாரியம்மன் படத்துக்கு அருகில் மாட்டப்பட்டது. பணம் இந்த ஊசிகளாக மாறி வந்திருந்தது.

கருமுட்டைகளை முதிரச் செய்யும் மருந்து அது. பத்து நாட்கள், ஒவ்வொரு மாலையும் ஒரே நேரத்தில், தொப்புளுக்குக் கீழே தோலின் அடியில் செலுத்தப்படல் வேண்டும். நாள்தோறும் கண்டிக்கு வந்து போக இயலாதவர்கள் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று டொக்டர் சொல்ல, தாதி ஒருத்தி சிங்களத்தில் அனைத்தையும் விளக்கினாள். யோகேஸ்வரன் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் தலையை அசைத்து, "ஹரி, ஹரி மிஸ்" என்றான், சரி, புரிந்ததென்று. மீனம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. கணவனின் முதுகுக்குப் பின்னே நின்ற அவளுக்குத் தாதியின் வலக்கை மட்டுமே தெரிந்தது. அந்தக் கை இடையில் ஒருமுறை, தேநீரில் சீனியைக் கரைப்பதுபோல, காற்றில் ஒரு சிறு வட்டம் சுழற்றியது.

தோட்டத்து மருந்துசாலையில் போட்டுக்கொள்ளலாமே என்று அவள் கேட்டபோது யோகேஸ்வரன் மறுத்துவிட்டான். அவன் ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடைப் பகுதிக்குப் பொறுப்பானவன். டீமேக்கர் ஐயாவின் நேரடிக் கையாள். மலையேறிக் கொழுந்து பறிப்பவர்களின் மகனாகப் பிறந்து, காற்சட்டையும் சப்பாத்துமாக வேலைக்குப் போகிற நிலையை எட்டியவன். ஆதலால், தனக்குத் தெரியாதது ஒன்று உண்டென்று ஒப்புக்கொள்ளும் வழக்கத்தை அவன் கைவிட்டு நெடுநாளாகியிருந்தது.

"சட்டயத் தூக்கு. தோல இப்புடிக் கிள்ளிப் புடிக்கணும். சதையில எறங்கக் கூடாது, தோலுக்கு அடியிலதான். நர்சு மிஸ் சொன்னது ஒனக்கு ஏதாச்சும் வெளங்குச்சா?"

"இல்லிங்க."

"அதான் நான் வந்தேன்."

அவன் மருந்துப் பெட்டியைத் திறந்தான். உள்ளே சுண்டுவிரல் அளவான கண்ணாடிக் குப்பிகள், வாய் உருக்கி அடைக்கப்பட்டு, சோடி சோடியாகப் படுத்திருந்தன. ஒன்றில் தெளிந்த நீர். மற்றதன் அடியில் ஒரு சிட்டிகை வெண்பொடி. நீர்க்குப்பியின் கழுத்தை உடைத்தான்; மற்றதை ஓரமாக வைத்தான்.

"அது என்னாங்க, அடியில வெள்ளையா?"

யோகேஸ்வரன் சிரித்தான். கேள்வியை எதிர்பார்த்திருந்தவனின் சிரிப்பு அது.

"அத ஒடைக்கக் கூடாது. அது ஈரம் உறிஞ்சுற பொடி. சாம்பிள் தூளு கொழும்புக்குப் போறப்ப தகரத்துக்குள்ள ஒரு சின்னப் பொட்டலம் போடுவோம், அதே சாமான்தான். ஈரம் பட்டா தூளு செத்துப் போயிரும். தூளுக்கே அப்புடின்னா மருந்துக்கு? இந்த மழைக்கு அது இல்லாம முடியுமா?"

அடுப்படியில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்த அவனுடைய தாய் வேலாயி பூரித்துப் போனாள். "எம் மவன ஒழுங்காப் படிக்க வச்சிருந்தா அந்தக் கண்டி டாக்குட்டருக்கு நாக்காலி கெடச்சிருக்காது."

அடைத்த கண்ணாடிக்குள் இருக்கும் பொடி வெளியிலுள்ள ஈரத்தை எங்ஙனம் உறிஞ்சும் என்றொரு ஐயம் மீனம்மாவின் நாவின் நுனி வரையில் வந்தது. ஊசி வயிற்றைத் தொட்டது. ஐயம் உள்ளே போய்விட்டது.

அவள் நெளிந்தாள். அவன் ஊசியை வெளியே இழுத்து, வேறோர் இடத்தில் மறுபடியும் குத்தினான்.

"நெளிஞ்சா இப்புடித்தான். ஒவ்வொரு நெளிச்சலுக்கும் ஒரு குத்து."

பொடிக் குப்பியை அவன் வீசிவிடவில்லை. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, கல்யாணப் பதிவு ஆகியவை இருந்த பிஸ்கட் தகரத்துக்குள், அவற்றையும் ஈரத்திலிருந்து காக்கட்டும் என்று, பத்திரமாக வைத்து மூடினான்.

*

மழை நின்றபாடில்லை; கொழுந்தும் நின்றபாடில்லை. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்பதும், அங்கிருந்து மலைக்கு ஏறுவதும் வழக்கம்போல் நிகழ்ந்தன. பறிக்கும் பெண்கள் இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கைக் கட்டிக் கயிற்றால் இறுக்குவார்கள். ஊசி இறங்கிய இடங்களின் மீதே அந்தக் கயிறு கிடந்தது. நான்காம் நாளில் மீனம்மாவின் அடிவயிறு முழுவதும் நாவற்பழம் நசுங்கிய நிறம் பாய்ந்திருந்தது. அவள் கயிற்றைத் தளர்த்தினால் சாக்கு நழுவியது. இறுக்கினால் கண் இருண்டது.

அடுத்த நிரையில் பறித்த அஞ்சலை இதனைக் கவனித்துவிட்டாள்.

"என்னாடி மீனா, வயித்தத் தடவிக்கிட்டே நடக்கிற? அதுக்குள்ள உருண்டுருச்சா?"

"குத்துன எடம்டி. கயிறு ஒரசுது."

"ஒம் புருசனாச்சும் வயித்துல குத்துறான். எம் புருசன் கையில ஊசியக் குடுத்தா மொதல்ல என் வாயத்தான் தைப்பான்."

நிரை முழுவதும் சிரித்தது. மீனம்மாவும் சிரித்தாள், சிரித்ததில் வயிறு வலித்தது. மேலேயிருந்து கங்காணி சத்தமிட்டார்: "அங்க என்னா சிரிப்பு? கொழுந்து கூடைக்குள்ள வருமா, நான் கீழ வரவா?"

அன்று அவளுடைய கொழுந்து நிறை குறைந்தது. அரைநாள் கூலியான அரைப்பேர்தான் விழுந்தது. வீடு திரும்பியபோது அந்தச் செய்தி அவளுக்கு முன்னரே வந்து சேர்ந்திருந்தது.

"அரப்பேராமே," என்றாள் வேலாயி. அவள் இடிசம்பலுக்கு மிளகாயை அம்மியில் நசுக்கிக்கொண்டிருந்தாள். "வயித்துலயும் ஒண்ணுமில்ல, கூடையிலயும் ஒண்ணுமில்ல. அப்ப எதத்தான் நெறப்புவ? சோத்துத் தட்டையா?"

"வலிக்குது அத்தே."

"நான் இவனப் பெத்து ஒம்பதாம் நாளு மலைக்கு ஏறுனவ. எனக்கு எந்த டாக்குட்டரு ஊசி போட்டான்? கவுருமெண்டு மாட்டு டாக்குட்டரு வந்தா, நம்ம செவலப் பசுவுக்கு ஒரே ஊசி. ஒண்ணே ஒண்ணு. அது கண்ணு போட்டுச்சு. ஒனக்கு இன்னைக்கு நாலாவது."

யோகேஸ்வரன் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். இந்த நாட்களில் அவனுடைய நடையே மாறிப்போயிருந்தது. ஸ்டோரிலும் கோயிலடியிலும் ஆண்கள் அவனை நிறுத்தி, ஊசியை எப்படிப் பிடிப்பது, எத்தனை பாகை சரிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அவன் பீடியை ஊசியாக்கிச் செய்து காட்டினான். நோயாளியைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

கடிகாரம் ஏழைக் காட்டியது. அவள் சட்டையைத் தூக்கினாள். இப்படியாகப் பத்து மாலைகள் கழிந்தன. பத்து நீர்க்குப்பிகள் உடைந்தன. பத்துப் பொடிக்குப்பிகள் தகரத்துக்குள் போயின.

*

பன்னிரண்டாம் திகதி, வியாழக்கிழமை, கண்டியில் டொக்டர் ஸ்கேன் கருவியை வைத்துத் திரையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பின்னர்க் கையுறையைக் கழற்றிக்கொண்டே சிங்களத்தில் ஏதோ சொன்னார். தாதி யோகேஸ்வரனிடம் ஒரு கேள்வி கேட்டாள். கேட்கும்போது அவளுடைய வலக்கை மறுபடியும் காற்றில் அந்தச் சிறு வட்டத்தைச் சுழற்றியது.

"ஹொந்தட்ட, ஹொந்தட்ட மிஸ்," என்றான் அவன், நன்றாகவே செய்ததாக.

மீனம்மா படுத்த நிலையிலேயே அந்தக் கையைப் பார்த்தாள். இம்முறை அது முழுவதுமாகத் தெரிந்தது. இரண்டு விரல்களால் எதையோ பிடித்து, மெல்ல உருட்டிக் கரைக்கும் கை.

"டொக்டர் என்னாங்க சொன்னாரு?"

"ஒண்ணுகூட முத்தலையாம். ஒண்ணுகூட. பத்து ஊசி போட்டும் ஒரு முட்டையாவது அசையலையாம். இந்த மாதிரி ஒடம்ப அவரு பாத்ததே கொறவாம். மருந்து ஏறாத ஒடம்பு."

"அந்த மிஸ்ஸு கைய சுத்திக் காட்டி என்னமோ கேட்டுச்சே?"

"ஒனக்குத்தான் பாஷை தெரியாதே, பொறகு என்னா கேள்வி?"

ஹட்டன் பஸ்ஸில் இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன. அவளை ஒன்றில் இருத்திவிட்டு, அவன் மிதிபலகைக்கு அருகில் போய் நின்றுகொண்டான். மூன்று மணி நேரம் நின்றே வந்தான். அவளுக்குப் பக்கத்து இருக்கையில், வழியில் ஏறிய ஒருவருடைய வெற்றுக் கூடை உட்கார்ந்து வந்தது.

வேலாயி அழவில்லை, ஏசவுமில்லை. ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தவள்போல் பேசினாள்.

"சரி, நடந்தது நடந்துருச்சு. ஒந் தங்கச்சி சின்னவ ஜெயந்தினி சும்மாதான இருக்கா? அவளக் கட்டி வச்சிருவோம். ஒரே வயித்துல பொறந்ததுங்க, சண்ட சச்சரவு வராது. நீ பாட்டுக்கு மலைக்குப் போ, அவ புள்ளையப் பெக்கட்டும். ஒன்னைய வெரட்டலையே நாங்க? ஒங்கப்பனுக்கு ஆளு சொல்லி அனுப்பிட்டேன். ஞாயித்துக்கிழம வாரான். எங்க வழக்கத்துல மூத்தவ தன் கையால வெத்தலத் தட்டக் குடுக்கணும். நீதான் குடுக்கணும்."

மீனம்மா கணவனைப் பார்த்தாள். அவன் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அந்த முடிச்சு அன்று அவிழ நெடுநேரம் பிடித்தது.

*

சனிக்கிழமை பிற்பகல் மீனம்மா பிஸ்கட் தகரத்தைத் திறந்து, மருந்துப் பெட்டியோடு வந்த ஆங்கிலக் காகிதத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, ஒரு கட்டுக் கீரையுடன் தோட்டப் பாடசாலைக்குப் போனாள். அங்கே விடுதியில் யாழ்ப்பாணத்து ஆசிரியை குணபூசணி குடியிருந்தார். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர், தோட்டத்தில் துரையை விட்டால், அவர் ஒருவரே.

"என்ன மீனம்மா, இந்த மழைக்குள்ளை?"

"ஒரு தாளு வாசிச்சுச் சொல்லணும் டீச்சர்."

குணபூசணி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார், இடையில் நிறுத்தி அவளைப் பார்த்தார், மீண்டும் வாசித்தார்.

"ரெண்டு குப்பி வருமெல்லே? ஒண்டிலை தூள், மற்றதிலை தண்ணி. தண்ணியை ஊசியாலை எடுத்துத் தூளுக்கை விட்டு, கரைஞ்ச பிறகு திரும்ப எடுத்துப் போடோணும். தூள்தான் மருந்து. தண்ணி சும்மா உப்புத்தண்ணி."

"தண்ணிய மட்டும் போட்டா?"

"தண்ணி மட்டும் போட்டால் என்ன நடக்கும்? ஒண்டும் நடக்காது. வயித்திலை ஓட்டைதான் மிச்சம்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தினை நாள் இப்பிடிப் போட்டனீங்கள்?"

"பத்து."

"கடவுளே!"

மீனம்மா நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு முதலில் வந்தது கோபமன்று, மகிழ்ச்சி. மருந்து ஏறாத உடம்பன்று தன்னுடையது. மருந்து இன்னும் இறங்கவேயில்லை. அது பத்துக் குப்பிகளில், தன் கல்யாணப் பதிவுக்குப் பக்கத்தில், பத்திரமாகப் படுத்திருக்கிறது.

"நாளைக்கு எங்க காம்பராவுல பேச்சு நடக்குது டீச்சர். நீங்க ஒரு வார்த்த வந்து சொன்னீங்கன்னாப் போதும். நான் சொன்னா எடுபடாது."

"ஐயோ, என்னை இதுக்கை இழுக்காதை. புருசன் பெண்சாதி விசயம். யாழ்ப்பாணத்தாள் வந்து குடும்பத்தைக் குழப்பிப் போட்டாள் எண்டு உங்கட ஆக்கள் சொல்லுவினம்."

"தாளுல தமிழ்ல ரெண்டு வரியாவது எழுதித் தாங்க."

"என்ரை கையெழுத்தும் வேண்டாம். நீ விளங்கப்படுத்திச் சொல்லு, கேப்பினம்." குணபூசணி காகிதத்தை மடித்துத் திருப்பித் தந்தார். "கீரையை அதிலை வச்சிட்டுப் போ."

கணவனிடம் தனியே சொல்லிவிட வேண்டும் என்றே மீனம்மா எண்ணினாள். ஆனால் கொழுந்து மலைபோல் குவிந்ததால், சனி இரவு முழுதும் ஸ்டோர் ஓடியது. யோகேஸ்வரன் ஞாயிறு நண்பகலில் வந்து படுத்தவன் மாலையில்தான் எழுந்தான். எழுந்தபோது இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், விருந்தினரின் செருப்புகள் வந்துவிட்டிருந்தன.

*

அவளுடைய தந்தை பொன்னையா வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தார். நனைந்த வேட்டியோடு, மகளின் முகத்தைப் பாராமல், கொடுத்த தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். சாட்சிக்காகத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமி அழைக்கப்பட்டிருந்தார். வேலாயி தட்டில் வெற்றிலையை அடுக்கினாள்.

"மாப்புள சொன்னாச் சரிதான்," என்றார் பொன்னையா. "சின்னவளுக்கும் இருவத்திரெண்டு ஆச்சு. நான் ஒண்டியா எத்தன நாளைக்குக் காவல் காக்கிறது? ஒரே வீட்டுல ரெண்டும் இருந்தா எனக்கும் ஒரே தெசதான் பாக்கணும்."

"தங்கச்சி, ஒனக்குச் சம்மதந்தான?" என்று செல்லசாமி முறைக்காகக் கேட்டார்.

மீனம்மா பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து விளக்கடியில் வைத்துத் திறந்தாள்.

"தலைவரே, யாரு மேலயும் குத்தஞ் சொல்லல நான். தெரியாம நடந்தது. இந்தப் பொடிதான் மருந்தாம். தண்ணி இதக் கரைக்கிறதுக்காம். எனக்கு ஏறுனது வெறுந்தண்ணி. பத்தும் அப்புடியே இருக்கு. டொக்டர்கிட்ட கேட்டு அடுத்த மாசம் இதக் கரச்சுப் போடுவோம். இந்த ஒரு தடவ. அதுக்கும் ஆகலைன்னா நானே போயித் தங்கச்சியக் கூட்டிட்டு வாரேன்."

யோகேஸ்வரன் குனிந்து ஒரு குப்பியை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தான். அவனுடைய பார்வை பொடியிலிருந்து உருக்கி அடைத்த வாய்க்கு ஏறியது. அங்கேயே நின்றது. அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்பதை அந்தக் காம்பராவில் மீனம்மா ஒருத்தியே கண்டாள்.

"யாரு சொன்னா?" என்றான், மிகவும் தணிந்த குரலில்.

"தாளுல இருக்குங்க. டீச்சர் வாசிச்சாங்க."

"ஓ! பொண்டாட்டி வயித்து வெவகாரத்த ஊரு ஊராக் கொண்டு போயிருக்கா. பாத்தீங்களா தலைவரே? இது ஈரம் உறிஞ்சுற பொடி. பதினோரு வருசமா ஸ்டோர்ல இதத்தான் பாக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

அப்போதுதான், பதின்மூன்று நாட்களாக உள்ளே கிடந்த அந்தக் கேள்வி அவளை மீறி வெளியே வந்தது.

"அடச்ச கண்ணாடிக்குள்ள இருந்துக்கிட்டு அது எப்புடிங்க ஈரத்த உறிஞ்சும்?"

செல்லசாமி சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் அன்று, அடக்க முயன்றும் முடியாமல், வாயிலிருந்த வெற்றிலைச் சாறு தெறிக்க, "அட, ஆமால்ல தம்பி!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு மட்டும் எழாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று மீனம்மா பின்னாளில் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

யோகேஸ்வரன் தகரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு நடந்தான். அம்மியில் மாலைச் சம்பலின் மிளகாய் இன்னும் சிவந்திருந்தது. ஒரு குப்பியைக் கிடத்தினான். குழவியை உருட்டினான். சிறிய, உலர்ந்த ஓசை ஒன்று எழுந்தது.

"வேணாங்க!" அவள் ஓடிப்போய் அவன் கையைப் பற்றினாள். "நீங்க சொன்னதே சரின்னு சொல்லிர்றேன். எல்லாருகிட்டயும் சொல்லிர்றேன். ஒடைக்காதீங்க. அது நான் ரெண்டரை வருசம்..."

அவன் முழங்கையால் அவளைத் தள்ளினான். ஊசித் தழும்புகளின் மேலேயே அது பட்டது. அவள் தரையில் சுருண்டாள்.

"ஈரம் உறிஞ்சுதான்னு பாப்போம்," என்றான். இரண்டு. மூன்று. அவசரப்படாமல், ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, சல்லடையில் தூள் அளக்கிறவனின் அதே ஒழுங்கோடு அரைத்தான்.

"அப்பா, நீங்களாச்சும் சொல்லுங்கப்பா!"

பொன்னையா எழுந்து வந்தார். மகளின் அருகில் குந்தி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "வாய மூடு. மாப்புளய நாலு பேரு முன்னாடி தல குனிய வச்சா ஒனக்கும் எடமில்ல, சின்னவளுக்கும் எடமில்ல. ரெண்டு பேரையும் நான் எங்க கொண்டு போறது?"

பத்தாவது குப்பியும் நொறுங்கியது. அம்மியில் மிளகாயோடு கலந்து வெண்மையும் கண்ணாடித் துகளும் மின்னின. கூரை ஒழுகி வழக்கமாகச் சொட்டும் இடம் அம்மிக்கு நேர் மேலேதான். ஒரு சொட்டு விழுந்தது. பொடி நொடியில் கரைந்து காணாமற்போனது.

வேலாயி அதைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மியக் கழுவி வையி. நாளைக்குச் சம்பலுக்கு வேணும். கண்ணாடி கெடக்கு, பாத்து."

யோகேஸ்வரன் கையைத் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தான். செல்லசாமி இப்போது சிரிக்கவில்லை. கடிகாரத்தில் மக்கா படத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மீனம்மா துகள்களை விரல்களால் கூட்டி அள்ளினாள். மூன்று விரல்கள் கிழிந்தன. கிழிந்த இடத்தில் மிளகாய் எரிந்தது. கழுவி முடித்து நிமிர்ந்தபோது வேலாயி வெற்றிலைத் தட்டை அவள் கைகளில் வைத்தாள்.

"குடு. நல்ல நேரம் போகுது."

அவள் தட்டோடு தந்தையின் முன்னே நின்றாள். பொன்னையா இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் நீட்டவில்லை, தட்டை மார்போடு பிடித்திருந்தாள். விரல்களிலிருந்து வழிந்தது வெற்றிலைகளின் மேல் சொட்டியது. கணவனை நோக்கினாள். அவன் சுவரை நோக்கினான்.

"மீனா," என்றார் பொன்னையா.

அவள் விடவில்லை. அவர் தட்டின் விளிம்பைப் பற்றி, ஒருமுறை இழுத்துப் பார்த்து, பின்னர்ப் பலமாக இழுத்து, அவள் கைகளிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்.

ஜூலை பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, மாலை. கடிகாரத்தில் அப்போது மணி சரியாக ஏழு.